காலிப் பெட்டியும் களிமண்ணும்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கோலாலம்பூரில் நடைபெற்ற குடும்ப நாளில், வார இறுதிப் பாலர் வகுப்பு ஆசிரியைகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)





பாலர் வகுப்பில் படைப்பாற்றலை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தையும் கொடுத்திருக்கிறீர்கள். பின்பக்கம் தேக்சாவைத் திறந்துவிட்டார்கள் என்று வாசனை சொல்கிறது. ஆகவே நீட்ட மாட்டோம். சங்கத்தின் பாலர் வகுப்பை நடத்தும் நாங்கள் ஐந்து பேர். எங்களில் இருவர் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், மற்ற மூவர் பிள்ளை வளர்த்த அனுபவத்தில் வந்தவர்கள். ஐவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம். குறை இருந்தால் ஐவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். "அத்தா வேலை செய்யும் இடத்தை வரையுங்கள்" என்று சொல்லியிருந்தோம். மற்றப் பிள்ளைகள் வீடு, கார், சூரியன் என்று வழக்கமானதை வரைந்தார்கள். இவன் தாள் முழுக்கக் கால்களாக வரைந்திருந்தான். நீளமான கால், குட்டைக் கால், செருப்புப் போட்ட கால், கைலி கட்டிய கால். ஒன்றுக்கும் தலை இல்லை. எங்களில் ஒருவர், அன்போடுதான், "தலை எங்கே தம்பி? தலை இல்லாமல் ஆள் நடப்பாரா?" என்று கேட்டு, பென்சிலை வாங்கி ஒவ்வொரு காலுக்கு மேலும் உடம்பும் தலையும் வரைந்து காட்டினார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவன் தாளைத் தொடுவதற்கு முன், "டீச்சர், எப்படி வரையணும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து அவன் தாயார் பேச்சுவாக்கில் சொன்னார். அத்தா உணவகத்தில் வேலை, அம்மாவும் மாலையில் உதவிக்குப் போவார், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. கல்லா மேசைக்கு அடியில் ஒரு மெத்தையைப் போட்டு அங்கேதான் அவனை உட்கார வைப்பார்களாம். தினமும் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அவன் பார்ப்பது கால்களை மட்டும்தான்.

அவன் பார்த்ததை அப்படியே வரைந்திருந்தான். எங்கள் வகுப்பில் அந்த ஆண்டு வரையப்பட்டவற்றில் அதுதான் உண்மையான படம். அதன்மேல் நாங்கள் தலை வரைந்துவிட்டோம். அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான், நன்றாகவும் படிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "எப்படி வரையணும்?" என்ற அந்தக் கேள்வி எங்களைத் தூங்க விடவில்லை. இந்த உரைக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பு எப்படி இருந்தது என்பது இங்கிருக்கும் பல பெற்றோருக்கு நினைவிருக்கும். 18 பிள்ளைகள், 18 பயிற்சித் தாள்கள். மீன் படம் அச்சடித்திருக்கும்; உள்ளே வண்ணம் தீட்ட வேண்டும்; கோட்டைத் தாண்டக் கூடாது. சுவரில் 18 மீன்கள் ஒரே பக்கம் பார்த்து நீந்தும். ஆண்டு இறுதியில் மேடை நிகழ்ச்சி. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் 'பட்டமளிப்பு'. கண்காட்சியில் வைத்த கைவினைப் பொருள்களில் பாதி நாங்கள் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஒட்டியவை. பிள்ளை பெயரை மட்டும் கீழே எழுதினோம். இதை இன்றைக்காவது ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு மகிழ்ந்த பூச்சாடிகளில் சில எங்கள் கைவண்ணம்.

அரசாங்கம் இப்படிச் செய்யச் சொன்னதா என்றால், இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. 2010இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம், பிள்ளை விளையாட்டின் வழியே கற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. மொழித்தொடர்பு, ஆன்மிகமும் நற்பண்பும், மனிதவியல், சுயத்திறன், உடல்வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஆறு தூண்களை அதில் வகுத்திருந்தார்கள். எழுத்தும் கணக்கும் அந்த ஆறில் அடங்கியவை. ஆறும் அவையே அல்ல. கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகளில் ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் இல்லை என்பதும், ஆசிரியரோடு ஓர் உதவியாளர் உண்டு என்பதும் இதற்காகத்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு பிடி3 தேர்வும் போய்விட்டது. தேர்வு போனது, தேர்வுப் பயம் போகவில்லை. அது பாலர் வகுப்புக்கு இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. "முதலாம் ஆண்டுக்குப் போகுமுன் மூன்று மொழியிலும் வாசிக்க வேண்டும்" என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளை அனுப்பியபோது நாங்களும் அதைத்தான் கேட்டோம்.

மாற்றம் களிமண்ணில் ஆரம்பித்தது. அதுவும் திட்டமிட்டு அல்ல. ஒரு சனிக்கிழமை நகல் இயந்திரம் பழுதாகிவிட்டது. தாள் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் தம் பூச்செடி வளர்க்கும் அண்ணனிடம் சொல்லி ஒரு வாளி களிமண் வாங்கி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் களிமண்ணுக்குப் பஞ்சமா? அந்த ஊர்ப் பெயரே அதனால் வந்ததுதான். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையும் பலகையும் இனி வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். செங்கல் சூளைகள் அங்கே எழுந்தன. கப்பித்தான் யாப் குவான் செங் அங்கே சூளை நடத்தியவர். இந்த நகரத்தின் பழைய கடைவீடுகளில் அந்த மண் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை தீப்பெட்டிக்குள் மண்ணை அழுத்திக் கவிழ்த்து, "சுங்குவாங் டீச்சர், பாத்தா உண்மையான பாத்தா!" என்று கத்தியது. சுங்குவாங் என்றால் என்ன என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது. பாத்தா என்பது மலாயில் செங்கல். அன்று இரண்டு மணி நேரம் யாரும் "முடிஞ்சிடுச்சா டீச்சர்?" என்று கேட்கவில்லை. அதுவரை ஒவ்வொரு வாரமும் கேட்ட கேள்வி அது.

மண் பிசைவதால் விரல் வலுப்பெறும், பென்சில் பிடிக்க உதவும் என்று பெற்றோரிடம் சொல்வோம். உண்மைதான். ஆனால் அது நாங்கள் வைத்திருக்கும் சாக்கு. உண்மையான காரணம் வேறு. பயிற்சித் தாளில் விடை நம்மிடம் இருக்கிறது, பிள்ளை அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். மண்ணில் விடை யாரிடமும் இல்லை. ஆகவே பிள்ளை நம் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்க்கிறது.

இதைச் சொன்னவர்கள் நாங்கள் முதல் ஆள் அல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மொந்தெசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அந்த அம்மையார் நம் சென்னையில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939 நவம்பரில், 69 வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சில மாதங்கள் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி விடுவித்தார்கள். சில மாதங்களுக்கு வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானலிலும் இருந்தார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள்.

அவரிடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று: பிள்ளை ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது குறுக்கே போகாதே. பாராட்டுவதற்காகக்கூடப் போகாதே. எளிதாகத் தெரியும். முயன்று பாருங்கள். "அடடா, அழகா இருக்கே!" என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் நிற்பது எங்களுக்கு நோன்பு மாதிரி இருந்தது. "அழகா இருக்கு" என்றதும் பிள்ளை அடுத்த முறையும் அதையே வரைகிறது, ஏனென்றால் அது விலை போகும் என்று தெரிந்துவிட்டது. "என்ன இது?" என்று கேட்டாலும் ஆபத்து. ஒன்றும் இல்லாமல் சும்மா குழைத்துக்கொண்டிருந்த பிள்ளை நமக்காக ஒரு பெயர் தேடும். இப்போது நாங்கள் கேட்பது, "இதைப் பத்திச் சொல்றீங்களா?" என்பதுதான். சொல்ல விருப்பமில்லை என்றால் அதுவும் சரி.

ஒன்றில் அம்மையாரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சிறு பிள்ளைக்கு மாயக் கதைகள் வேண்டாம், நடப்பு உலகைக் காட்டினால் போதும் என்பது அவர் கட்சி. அவருக்கு நம் வீட்டு நன்னிமார்களைத் தெரியாது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் மூன்று மொழி கலந்து பேசுகிறார்கள். அத்தா தமிழில் கூப்பிட்டால் பிள்ளை மலாயில் பதில் சொல்லும், கோபம் வந்தால் ஆங்கிலம். தமிழ் நன்னிக்கென்று ஒதுக்கிய மொழியாகிவிட்டது. "கலக்காதே, ஒழுங்கா ஒரே மொழியில சொல்லு" என்று நாங்கள் திருத்திக்கொண்டே இருந்த வரைக்கும் கதை சொல்லும் நேரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. திருத்துவதை நிறுத்தினோம். ஒரு சிறுமி ஒரு பூனைக் கதை சொன்னாள். பூனை மீன் சந்தைக்குப் போகும்வரை தமிழ், மீன்காரரோடு பேரம் பேசும்போது மலாய், போலீஸ் வந்ததும் ஆங்கிலம். சிரிக்கலாம், ஆனால் யார் எந்த மொழியில் பேசுவார் என்று அந்த நான்கு வயது யோசித்திருக்கிறது. பிறகு நாங்கள் அந்தக் கதையைத் தமிழில் திருப்பிச் சொன்னோம், அவள் சொன்ன வரிசை மாறாமல். அடுத்த வாரம் அவள் அதை முக்கால்வாசித் தமிழில் சொன்னாள். திருத்தி வராத தமிழ், சொல்ல ஒரு கதை இருந்ததால் வந்தது. அதன்பிறகு மாதம் ஒரு முறை ஒரு நன்னியை வகுப்புக்கு அழைக்கிறோம். கதையின் நடுவில் நிறுத்திவிட்டு, "பொறகு என்ன ஆயிருக்கும்?" என்று கேட்கச் சொல்கிறோம். இரண்டு நன்னிமார்களுக்கு அது பிடிக்கவில்லை. கதையைப் பாதியில் விடுவது பாவம் என்றார்கள். அவர்கள் முழுக்கவே சொல்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் முன்னோர் மொழியைப் பயந்து கையாண்டவர்கள் அல்லர். அரபி எழுத்தில் தமிழை எழுத நினைத்தபோது ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அங்கே எழுத்தில்லை. இருந்த எழுத்துக்குப் புள்ளி கூட்டியும் குறியிட்டும் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். அதுவே அரபுத்தமிழ். வீட்டிலிருந்த பெண்கள் பலர் மார்க்கத்தையும் வைத்தியத்தையும் அந்த எழுத்தில்தான் படித்தார்கள். இல்லாத எழுத்தை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கோட்டைத் தாண்டாமல் மீனுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு சந்தேகங்களைப் பெரியவர்கள் எங்களிடம் கேட்டார்கள். இரண்டும் நியாயமானவை.

ஒன்று, மனனம். "விளையாட்டு, சுதந்திரம் என்று விட்டால் பிள்ளைக்கு ஓதல் வருமா?" மனப்பாடத்துக்கு நாங்கள் எதிரி அல்ல. நம் பிள்ளைகள் நான்கு வயதில் அல்ஃபாத்திஹாவைத் தாளம் தவறாமல் ஓதுகிறார்கள். அப்படியே ஓத வேண்டியதை அப்படியேதான் ஓத வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே செய்ய வேண்டும் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. ஓதுவதற்கு ஓர் ஒழுங்கு, மண்ணுக்கு வேறு ஒழுங்கு. ஒரே காலைப்பொழுதில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஓதல் முடிந்த பிறகுதான் மண் வாளி வரும். நன்றாக ஓதும் பிள்ளைகளே மண்ணிலும் நீண்ட நேரம் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறோம். கவனம் அங்கே பழகியது இங்கேயும் உதவுகிறது போலும்.

இரண்டு, உருவம் வரைவது. இதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து வேறு. தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுக்கொள்கிறோம். மனித உருவம், விலங்கு வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பதில்லை. கட்டுவதும் மடிப்பதும் கோலங்களை அடுக்குவதும் அதைவிடப் பெரிய உலகம்.

அதற்கு ஒரு சம்பவம். பிள்ளைகளைத் தேசியப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போயிருந்தோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பக்கம்தான். 1965இல் திறக்கப்பட்டது. தொழுகைக் கூடத்தின் கூரை விரித்த குடைபோல 18 முனைகளோடு இருக்கும். 13 மாநிலங்களும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளும் சேர்ந்து 18 என்று விளக்கம் சொல்வார்கள். பக்கத்தில் 73 மீட்டர் மனாரா, அதன் உச்சி மடக்கிய குடை. இதையெல்லாம் நாங்கள் சொல்ல வாய் திறக்குமுன் ஒரு பிள்ளை அண்ணாந்து பார்த்து, "ஏன் டீச்சர் கூரை கசங்கி இருக்கு?" என்று கேட்டது.

அடுத்த வாரம் நான்கு பெட்டிகளை மூலைக்கு ஒன்றாக வைத்து, ஒரு தாளைக் கொடுத்து, இதன்மேல் கூரை போடுங்கள் என்று மட்டும் சொன்னோம். தாள் தொய்ந்து நடுவில் விழுந்தது. பசை போட்டார்கள், விழுந்தது. இரண்டு தாள் வைத்தார்கள், இன்னும் வேகமாக விழுந்தது. எங்களுக்குக் கை துறுதுறுத்தது. ஒருவர் வெளியே போய் நின்றுகொண்டார். நாற்பது நிமிடம் ஆனது. பிறகு, கூரை கசங்கி இருக்கிறது என்று சொன்ன பிள்ளைதான், தாளை விசிறிபோல மடித்து வைத்தது. நின்றது. அதன்மேல் ஓர் அழிப்பானை வைத்தார்கள், நின்றது. வண்ணப் பென்சில் பெட்டியையே வைத்தார்கள், அப்போதும் நின்றது. தட்டையான தாள் தாங்காத எடையை மடித்த தாள் தாங்கும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த செய்தி. அந்தப் பள்ளிவாசல் கூரை நிற்பதும் மடிப்பினால்தான். ஐந்து வயதில் அதைத் தானே கண்டுபிடித்தது நாங்கள் வாயை மூடிக்கொண்டதால். அந்த வாயை மூடுவதற்கு எங்களுக்கு ஆறு ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

கிள்ளான் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் பெருவெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் மூன்று பேரின் வீடு அங்கே. நம் சங்க இளைஞர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்து வகுப்பு மீண்டும் தொடங்கியபோது, அந்த மூன்று பேரும் கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, நீலத் துணியைப் போட்டு மூழ்கடித்தார்கள். திரும்பக் கட்டினார்கள், திரும்ப மூழ்கடித்தார்கள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் படகுக்காரன், ஒருத்தி கூரையில் நின்று "தோலோங்! தோலோங்!" என்று கூப்பிடுவாள்.

எங்களுக்குப் பதறியது. "வேணாம் பிள்ளைங்களா, நல்லதா விளையாடுங்க" என்று ஒருவர் துணியை எடுத்து மடித்து வைத்தார். அடுத்த நாள் அவர்கள் தொழுகை விரிப்பை எடுக்கப் போனார்கள். அதற்குத் துணியே தேவலை என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். நான்கு வாரம் அதே விளையாட்டு. முதல் வாரம் எல்லாரும் நனைவார்கள், பொருள்கள் போகும். இரண்டாம் வாரம் படகு சீக்கிரம் வரத் தொடங்கியது. மூன்றாம் வாரம் ஒரு சிறுமி, கட்டுவதற்கு முன்பே, எல்லாக் கட்டைகளிலும் உயரமான ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். "இது நன்னிக்கு. நன்னிக்கு முட்டி வலி, ஏற முடியாது. அதனால முதல்லேயே மேல வச்சிடணும்" என்றாள். அவளுடைய நன்னியை அன்று இரவு மாடிக்குத் தூக்க முடியாமல் வீட்டார் பட்ட பாடு எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நன்னி நலமாக இருக்கிறார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான்காம் வாரம் கழித்து நீலத் துணி கடையில் தொங்கும் சேலை ஆகிவிட்டது. தெங்கு கிளானா சாலைக் கடைகளைப் போல விலை கூவினார்கள். வெள்ளம் முடிந்தது.

படைப்பாற்றல் என்றால் ஓவியப் போட்டியில் பரிசு என்று நினைத்திருந்த எங்களுக்கு அந்த நான்கு வாரம் பாடம். அந்தப் பிள்ளையிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வார்த்தை இருக்கவில்லை. கட்டையும் துணியும் இருந்தன.

இதற்கெல்லாம் விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பயிற்சித் தாளை நிறுத்திய ஆண்டில் 18 பேரில் ஐந்து பேர் வகுப்பை விட்டுப் போனார்கள். "வீட்டுப்பாடம் இல்லாத வகுப்புக்கு எதுக்குப் பணம்?" என்று ஒரு தந்தை நேரில் கேட்டார். சட்டையெல்லாம் மண் என்று தாய்மார்கள் திட்டியதில் நியாயம் இருக்கிறது. இப்போது அத்தாவின் பழைய சட்டையைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்தது என்றும் சொல்ல மாட்டோம். வெறுந்தாளைக் கண்டால் அழும் பிள்ளை ஒன்று இப்போதும் இருக்கிறது. அதற்கு ஒரு புள்ளியாவது நாங்கள் வைத்துக் கொடுக்க வேண்டும், அங்கிருந்து அது போகும். எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறோம், விடவில்லை. பிள்ளை கட்டிய கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று கேட்கும்போது சொல்லிக் கொடுக்கும் எழுத்து மறப்பதில்லை. விலைப்பட்டியல் எழுதப்போய்த் தமிழ் எழுத்தும் எண்ணும் பழகிய பிள்ளைகள் பலர். 'ரொட்டி சானாய் 100 ரிங்கிட்' என்று எழுதியவனுக்கு விலைவாசி தெரியவில்லையே தவிர எழுத்து தெரிந்திருந்தது.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு விண்ணப்பம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் மக்கள், ஜெர்மானியர் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். ஆற்றிலிருந்து மணலும் இடிபாடுகளிலிருந்து செங்கல்லும் எடுத்துத் தாங்களே கட்டினார்கள். லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் கேள்விப்பட்டு மிதிவண்டியில் போய்ப் பார்த்தார், அங்கேயே ஈடுபட்டுவிட்டார். இன்று உலகம் முழுவதிலிருந்தும் பாலர் ஆசிரியர்கள் போய்ப் பார்க்கும் பள்ளிகள் அந்த நகரத்தில் உள்ளன. அரசாங்கம் தொடங்கியதல்ல, பெற்றோர் தொடங்கியது.

நாங்கள் டாங்கியைக் கேட்கவில்லை. எங்கள் வகுப்பு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது. சனிக்கிழமை மாலை மண்டபத்தில் நிக்காஹ்வோ கூட்டமோ இருக்கும். பிள்ளைகள் காலையில் கட்டியதை மதியம் நாங்களே கலைத்துப் பெட்டியில் போட வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலை வந்து, "நான் கட்டுன பள்ளிவாசல் எங்கே?" என்று கேட்கிறார்கள். பாதி வேலையை மறுநாள் தொடர முடிந்தால்தான் பிள்ளை பெரிதாக யோசிக்கும். மண்டபத்தின் வடக்குப் பக்கம், பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கும் மூலையை எங்களுக்கு விட்டுத் தாருங்கள். பத்தடிக்கு எட்டடி போதும். குறுக்கே ஒரு பலகை வைத்துத் தடுத்தால் விருந்தினர் காலில் படாது. நாற்காலிகளை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். பொருளாளர் ஐந்து நிமிடம் கொடுத்தால் காட்டுகிறோம்.

கடை வைத்திருப்போர், உணவகம் நடத்துவோர், அட்டைப் பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம். பால் டின் வரும் பெட்டி நல்லது, கெட்டியாக இருக்கும். முட்டை அட்டையும் வேண்டும். மீன் வந்த பெட்டி மட்டும் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகும், கிள்ளானில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னும் கொண்டு வந்து வைத்தால் போதும். பெட்டியைப் பிரிக்காமல், மடிக்காமல் கொடுங்கள். மடிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வஸ்ஸலாம்.